பெருவெடிப்பு ஒருமைப்புள்ளி குவாண்டம் ஈர்ப்பில் சரியாக எந்தப் படியில் காணாமல் போகிறது?

சிற்றலை எழுதியது:

"குவாண்டம் விளைவுகள் ஒருமைப்புள்ளியைத் தவிர்த்துவிடுகின்றன" என்று எல்லாக் கட்டுரையிலும் ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்தச் சமன்பாட்டில், எந்த உறுப்பு அந்த வேலையைச் செய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஃப்ரீட்மன் சமன்பாடும், குவாண்டம் இயக்கவியலில் ஹாமில்டோனியன், கம்யூட்டேட்டர் வரையிலும் எனக்குப் பழக்கம் உண்டு. அந்த மட்டத்தில் யாராவது விளக்க முடியுமா?

குறிப்பாக மூன்று சந்தேகம். வீலர்–டிவிட் சமன்பாடே (அண்டம் முழுமைக்குமான குவாண்டம் அலைச் சமன்பாடு) போதாதா, லூப் குவாண்டம் ஈர்ப்பு (வெளியும் துண்டுகளால் ஆனது என்னும் கோட்பாடு) வரை போக வேண்டுமா? லூப் அண்டவியலில் உச்ச அடர்த்தி 0.41 பிளாங்க் அடர்த்தி என்கிறார்கள், சில கட்டுரைகளில் 0.82 என்று இருக்கிறது, எது சரி? வீட்டுக் கணினியில் இதை ஓட்டிப் பார்க்க முடியுமா?

---

வளைகோடு எழுதியது:

லூப்புக்குள் போகும் முன், எதைத் தவிர்க்கப் போகிறோம் என்று தெளிவாக வைத்துக்கொள்வோம். அடர்த்தி முடிவிலி ஆவதுதான் ஒருமைப்புள்ளி என்பது பரவலான நினைப்பு. பென்ரோஸ் 1965-லும், ஹாக்கிங்கும் பென்ரோஸும் சேர்ந்து 1970-லும் நிறுவிய தேற்றங்களின் முடிவில் அடர்த்தி என்ற பேச்சே கிடையாது. ஒரு ஜியோடெசிக் (தடையின்றி விழும் பொருளோ ஒளியோ போகும் பாதை) வரம்புக்குட்பட்ட அளவுக்கு மேல் நீள முடியாமல் அறுந்துபோகிறது என்பதுதான் முடிவு.

இந்தத் தேற்றங்களின் அடியில் இருப்பது, கொல்கத்தாவில் இருந்தபடி அமல் குமார் ராய்சௌதுரி 1955-ல் வெளியிட்ட சமன்பாடு. ஒன்றுசேர்ந்து போகும் ஜியோடெசிக் கற்றையின் விரிவு வீதத்தைத் தீட்டா என்போம். ஈர்ப்பு ஈர்க்கத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டால், தீட்டாவின் மாறுவீதம் −தீட்டா²/3 என்பதைவிட அதிகமாக இருக்க முடியாது. கற்றை ஒருமுறை குவியத் தொடங்கிவிட்டால் 3/|தீட்டா| நேரத்துக்குள் தீட்டா கழித்தல் முடிவிலிக்குப் போயே தீரும். ஒருபடித்தான அண்டத்தில் தீட்டா = 3ஹ (ஹ என்பது ஹப்பிள் வீதம்). ஆகவே அந்தக் கெடு 1/ஹ. இன்றைய ஹ-வைப் போட்டால் சுமார் 1400 கோடி ஆண்டு.

கவனிக்க வேண்டியது: ராய்சௌதுரி சமன்பாடு வெறும் வடிவியல். அதில் கைவைக்க முடியாது. "ஈர்ப்பு ஈர்க்கும்" என்ற நிபந்தனைதான் ஐன்ஸ்டைன் சமன்பாடு வழியாகப் பருப்பொருளோடு கட்டப்பட்டிருக்கிறது. தப்பிக்க இரண்டே வாசல். ஒன்று, விசித்திரமான பருப்பொருள். இன்னொன்று, வளைவையும் பருப்பொருளையும் கட்டும் ஐன்ஸ்டைன் சமன்பாடே மாறுவது.

தட்டையான அண்டம் சுருங்கி மீண்டும் விரிய வேண்டுமென்றால் திரும்பும் கணத்தில் ஹ = 0, ஹ-வின் மாறுவீதம் நேர்மம். பொதுச் சார்பியலில் அந்த மாறுவீதம் −4பை × (அடர்த்தி + அழுத்தம்). அதாவது அடர்த்தியும் அழுத்தமும் கூட்டினால் எதிர்மமாக வர வேண்டும். சாதாரணப் பருப்பொருள் எதுவும் அப்படி இல்லை. முதல் வாசல் வழியே போகும் மாதிரிகள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. லூப் இரண்டாவது வாசல்.

---

ஹாலனமிக்காரன் எழுதியது:

வளைகோடு போட்ட அடித்தளத்திலேயே தொடர்கிறேன். ஒளி வேகம், பிளாங்க் மாறிலி, ஈர்ப்பு மாறிலி மூன்றும் 1. குறியீடுகளையும் தமிழிலேயே எழுதுகிறேன்: அடர்த்தி ரோ, அதன் உச்சம் உச்சரோ, கன அளவு வி, அதன் இணை மாறி பி. பழைய இயற்பியலில் பி என்பது காமா × ஹ. காமா என்பது பார்பெரோ–இம்மிர்சி எண். கருந்துளை என்ட்ரோபி கணக்கோடு பொருத்தி வழக்கமாக 0.2375 என்று எடுப்பார்கள்.

முதலில் வீலர்–டிவிட். டிவிட் 1967-லேயே, கன அளவு பூச்சியமாகும் இடத்தில் அலைச்சார்பு பூச்சியம் என்று நிபந்தனை வைத்தால் சிக்கல் தீருமா என்று கேட்டார். தீராது. ஓர் இடத்தில் அலைச்சார்பின் மதிப்பு பூச்சியம் என்பதற்கும், அண்டம் அங்கே போகாது என்பதற்கும் தொடர்பு இல்லை. உட்பெருக்கம் எது, கடிகாரம் எது என்று சொன்ன பிறகே நிகழ்தகவு பற்றிப் பேச முடியும்.

நிலையாற்றல் இல்லாத ஸ்கேலர் புலம் ஃபை-யைக் கடிகாரமாக வைத்தால் எல்லாம் பட்டவர்த்தனமாகிவிடும். கன அளவின் மடக்கையை எக்ஸ் என்று கொண்டால், வீலர்–டிவிட் சமன்பாடு சாதாரண அலைச் சமன்பாடாக மாறுகிறது. அலைவேகம் 12பை-யின் வர்க்கமூலம், அதாவது 6.14. தட்டையான கோட்டில் தடை ஏதும் இல்லாத அலை. ஒரு பொட்டலத்தை விட்டால் அது எக்ஸ் கழித்தல் முடிவிலியை நோக்கி, பழைய பாதையிலேயே, சிதறாமல் போய்க்கொண்டே இருக்கும். அதுதான் ஒருமைப்புள்ளி. முரணற்ற வரலாறுகள் முறையில் கிரெய்கும் சிங்கும் 2010-ல் கணக்கிட்டபோது இந்த மாதிரியில் அண்டம் திரும்பி எழுவதற்கான நிகழ்தகவு பூச்சியம் என்றே வந்தது. "குவாண்டம்" என்று முத்திரை குத்திவிட்டால் ஒருமை போய்விடும் என்பது கட்டுக்கதை.

லூப்பில் என்ன வேறுபாடு? 1986-ல் ஆஷ்டேகர் கொண்டுவந்த மாறிகளில், ஈர்ப்புப் புலம் ஒரு காஜ் புலம்போல எழுதப்படுகிறது. குவாண்டமாக்கும்போது இணைப்புக்கு (அந்தக் காஜ் புலத்துக்கு) நேரடி ஆபரேட்டர் கிடையாது, ஒரு மூடிய பாதையைச் சுற்றிவந்த ஹாலனமிக்குத்தான் (சுற்றி வந்தால் திசை எவ்வளவு திரும்புகிறது என்ற அளவு) உண்டு. ஆகவே ஹாமில்டோனியனில் பி² வரும் இடத்தில் பி²-ஐப் போட முடியாது. ஒரு சிறு சதுரத்தைச் சுற்றிய ஹாலனமியைப் போட வேண்டும். சதுரத்தைப் பூச்சியமாகச் சுருக்க முடிந்தால் பி² திரும்பக் கிடைத்துவிடும். சுருக்க முடியாது. பரப்பளவு ஆபரேட்டரின் பூச்சியமல்லாத மிகச் சிறிய ஐகன் மதிப்பு 4√3 × பை × காமா = 5.17 சதுர பிளாங்க் நீளம். அதன் வர்க்கமூலம் லாம்டா = 2.27. ஆக,

பி² என்ற இடத்தில் சைன்²(லாம்டா × பி) / லாம்டா².

நீங்கள் கேட்ட "எந்தப் படி" இதுதான். மீதியெல்லாம் இதிலிருந்து இயந்திரத்தனமாக வரும். சைன்² ஒன்றுக்கு மேல் போகாது. கட்டுப்பாட்டுச் சமன்பாட்டின்படி ரோ = உச்சரோ × சைன்²(லாம்டா பி). உச்சரோ = 3 / (8பை × காமா² × லாம்டா²). எண்களைப் போட்டால் 0.409. பிளாங்க் அடர்த்தி கன மீட்டருக்கு 5.16 × 10⁹⁶ கிலோ. ஆகவே உச்சம் சுமார் 2.1 × 10⁹⁶.

ஹாமில்டன் சமன்பாடுகளை எழுதினால் ஹ = சைன்(2 லாம்டா பி) / (2 காமா லாம்டா). இரண்டையும் சேர்த்தால்:

ஹ² = (8பை/3) × ரோ × (1 − ரோ/உச்சரோ)

ஹ-வின் மாறுவீதம் = −4பை × (ரோ + அழுத்தம்) × (1 − 2ரோ/உச்சரோ)

இரண்டாவது வரியைப் பாருங்கள். ரோ, உச்சத்தில் பாதியைத் தாண்டியவுடன் அடைப்புக்குறி எதிர்மமாகிறது. பருப்பொருள் சாதுவாகவே இருக்கிறது. (ரோ + அழுத்தம்) நேர்மம்தான். வடிவியல் பக்கம்தான் குறி மாற்றுகிறது. வளைகோடு சொன்ன இரண்டாவது வாசல் இதுவே.

நிலையாற்றல் இல்லாத புலத்துக்கு இதைக் கையாலேயே தீர்க்கலாம். வி = வி₀ × √(1 + 30.9 × நேரம்²), நேரம் பிளாங்க் அலகில். அதிலிருந்து சில எண்கள்: உச்சத்திலிருந்து அடர்த்தி பாதியாக 0.18 பிளாங்க் காலம் போதும், அதாவது ஏறத்தாழ 10⁻⁴⁴ நொடி. அதற்குள் கன அளவு √2 மடங்குதான் பெருகியிருக்கும். 1 பிளாங்க் காலத்தில் குவாண்டம் திருத்தம் 3 சதவீதம். 10-இல் 0.03 சதவீதம். ஹ-வின் மீப்பெரு மதிப்பு 0.93, திரும்பும் கணத்தில் ரிச்சி வளைவு சுமார் 62. எதுவும் முடிவிலி இல்லை, எந்த ஜியோடெசிக்கும் அறுவதில்லை.

---

சிற்றலை எழுதியது:

> சதுரத்தைப் பூச்சியமாகச் சுருக்க முடியாது

இதில்தான் இடிக்கிறது. மிகச் சிறிய பரப்பு என்பது எந்தப் பரப்பு? அண்டம் விரியும்போது அதுவும் விரியுமா? பிறகு அந்த 0.82?

---

ஹாலனமிக்காரன் எழுதியது:

இந்தக் கேள்வியில்தான் லூப் அண்டவியல் சில வருடம் தடுமாறியது.

போயோவால்டு 2001-ல் முதல் முடிவை வெளியிட்டபோது கிடைத்தது, கன அளவு பூச்சியத்தைத் தாண்டியும் வேறுபாட்டுச் சமன்பாடு நிற்காமல் ஓடுகிறது என்பது. அதன் தொடர்ச்சியாக, 2005-ல் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்து கான்ஷியாம் தாத்தேயும் கோலாம் முர்த்தஜா ஹொசைனும் மீள்துள்ளல் (சுருங்கும் அண்டம் திரும்பி விரிவது) பொதுவாகவே நிகழும் என்று வாதிட்டார்கள். அந்தக் காலக் கட்டுரைகளில் முக்கிய வேலையைச் செய்தது தலைகீழ்க் கன அளவுத் திருத்தம். இன்று நாம் பேசும் ஹாலனமித் திருத்தம் வேறு. பழைய கட்டுரையையும் புதியதையும் கலந்து படிப்பவர்கள் குழம்புவது இதனால்.

2006-இன் முதல் கணக்குகளில் சதுரத்தின் பக்கம் ஆயத்தொலை அளவில் நிலையான எண்ணாக வைக்கப்பட்டது. இதை மியூ-சுழி முறை என்பார்கள். விளைவு கோமாளித்தனமானது. திரும்பும் அடர்த்தி, புலத்தின் உந்தத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் வந்தது. உந்தம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு தாழ்ந்த அடர்த்தியில் துள்ளல். பெரிய அண்டம் ஒன்று தண்ணீரின் அடர்த்தியிலேயே திரும்பிவிடும். போதாக்குறைக்கு விடை, கணக்குக்காக நாம் வரைந்த கற்பனைப் பெட்டியின் அளவைப் பொறுத்து மாறியது. அண்டவியல் மாறிலி சேர்த்தால் விரிந்த அண்டம் காரணமில்லாமல் சுருங்கத் தொடங்கும்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் ஆஷ்டேகர், பாவ்லோவ்ஸ்கி, சிங் மூவரும் பக்கத்தை இயல்பளவில் நிலைநிறுத்தினார்கள். அண்டம் விரிந்தாலும் சதுரத்தின் உண்மையான பரப்பு 5.17-இலேயே நிற்கும், ஆயத்தொலைப் பக்கம்தான் அளவுக்காரணிக்கேற்ப (அண்டம் எத்தனை மடங்கு விரிந்தது என்ற எண்) குறையும். இது மியூ-பார் முறை. பெட்டிச் சிக்கலும் தண்ணீர்ச் சிக்கலும் ஒரே அடியில் போயின. கொரிச்சியும் சிங்கும் 2008-ல், இந்த வகைத் தேர்வுகளில் மியூ-பார் மட்டுமே பிழையின்றித் தேறுகிறது என்று காட்டினார்கள்.

0.82 வந்தது அந்த 2006 கட்டுரையில். அப்போது பரப்பு இடைவெளியை 2√3 × பை × காமா என்று எடுத்திருந்தார்கள். பிறகு அது 4√3 என்று திருத்தப்பட்டது. உச்சரோ பரப்புக்குத் தலைகீழ் என்பதால் சரிபாதியானது. 0.41-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

---

எண்முறை எழுதியது:

மூன்றாவது கேள்வி என் பக்கம். இரண்டு மட்டத்தில் ஓட்டலாம்.

எளிய மட்டம்: மேலே உள்ள செயல்விளைவுச் சமன்பாடுகள், அதாவது குவாண்டம் திருத்தத்தைச் சேர்த்த சாதாரண சமன்பாடுகள். பெரும்பாலோர் செய்யும் தவறு, ஹ² சமன்பாட்டுக்கு வர்க்கமூலம் எடுத்து அளவுக்காரணியை முன்னேற்றுவது. திரும்பும் இடத்தில் ஹ = 0, வர்க்கமூலத்தின் குறி மாற வேண்டும், நிரலுக்கு அது தெரியாது. அண்டம் உச்ச அடர்த்தியிலேயே அசையாமல் உட்கார்ந்துவிடும், அல்லது முழுமையாக்கப் பிழையால் ரோ உச்சத்தைத் தாண்டி வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண் வரும். பி-யை மாறியாக வையுங்கள். பி-யின் மாறுவீதம் = −4பை × காமா × (புலத்தின் வேகம்)². அது ஒருபோதும் நேர்மமாகாது. ஆகவே பி ஒரே திசையில் இறங்கும், எங்கும் சிக்காது.

முன்னேற்ற வேண்டியவை நான்கு: புலம், புலத்தின் வேகம், பி, அளவுக்காரணியின் மடக்கை. ஹ-வை சைன்(2 லாம்டா பி) / 1.08 என்று பி-யிலிருந்து எடுங்கள். திரும்பும் கணத்தில் தொடங்குங்கள்: லாம்டா × பி = பை/2, புலத்தின் வேகம் = √(2 × (0.409 − நிலையாற்றல்)). நிலையாற்றல் சொற்பமென்றால் இது 0.905. படி 0.001-இல் ஆரம்பித்து, தானே படியை மாற்றிக்கொள்ளும் ருங்கே–குட்டா போதும், சகிப்பு 10⁻¹².

நிரல் சரியா என்று பார்க்க நிலையாற்றலைப் பூச்சியமாக்கி நேரம் = 1 வரை ஓட்டுங்கள். அளவுக்காரணி 1.781 மடங்கு, ஹ = 0.323, ரோ = 0.01285, லாம்டா பி = 0.178 வர வேண்டும். பொதுச் சார்பியல் அதே நேரத்தில் ஹ = 0.333 கொடுக்கும். வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு படியிலும் ரோ-வையும் உச்சரோ × சைன்²(லாம்டா பி)-யையும் ஒப்பிடுங்கள். இரண்டும் விலகத் தொடங்கினால் சகிப்பு போதவில்லை என்று பொருள். வலுக்கட்டாயமாகப் பொருத்திவிடும் தந்திரம் வேண்டாம், பிழை எங்கே என்பது மறைந்துபோகும்.

சுருங்கும் பக்கம் ஓட்டும்போது ஒரு கண்ணி உண்டு. அங்கே லாம்டா பி, பை-யை நெருங்கும். வேறுபாடு 10⁻⁶ அளவுக்கு வந்தபின் சைன் கணக்கில் ஆறு இலக்கம் பறிபோகும். பை − லாம்டா பி என்பதையே மாறியாக மாற்றிவிட்டால் தீர்ந்தது.

கடினமான மட்டம்: அலைச்சார்பையே முன்னேற்றுவது. இங்கே கன அளவு தொடர்ச்சியானது அல்ல. வி-யின் அலகு 3.39 கன பிளாங்க் நீளம், சமன்பாடு 4 அலகு தள்ளியுள்ள அண்டைப் புள்ளிகளை இணைக்கிறது, அதாவது 13.6. இந்த இடைவெளியை விருப்பப்படி நுணுக்க முடியாது, கோட்பாடே கொடுத்தது. பெரிய வி-யில் அலைவேகம் வி-க்கு நேர்விகிதத்தில் ஏறுவதால், வெளிப்படை முறையில் ஃபை-யின் படி 4 / (6.14 × மீப்பெரு வி)-க்குள் இருக்க வேண்டும். மீப்பெரு வி 10⁵ என்றால் படி 6.5 × 10⁻⁶. இறுக்கமான காஸ் பொட்டலத்துக்கு இது தாங்கும். அகலமான பொட்டலத்துக்கு மீப்பெரு வி பல மடங்கு ஏறி, கணினி முடங்கும். டீனர், குப்த், சிங் 2014-ல் கைமேரா என்ற கலப்பு முறையைக் கொண்டுவந்தது இதற்காகவே. உள்ளே லூப் கட்டம், வெளியே வீலர்–டிவிட் சமன்பாட்டை மடக்கைக் கட்டத்தில் ஓட்டுவது. அதில் தெரிந்தது: பொட்டலம் அகலமாக இருந்தால் துள்ளல் 0.41-க்குக் கீழேயே நடந்துவிடும். செயல்விளைவுச் சமன்பாடு கூர்மையான நிலைகளுக்குத்தான் துல்லியம்.

---

சந்தேகி எழுதியது:

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைப்பில் "குவாண்டம் ஈர்ப்பில்" என்று இருக்கிறது. இங்கே நடந்திருப்பது, முடிவிலா எண்ணிக்கை மாறிகளை முதலில் வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய ஒன்றை லூப் பாணியில் குவாண்டமாக்கியது. 1989-லேயே குகார்ஷும் ரயனும், சமச்சீரை முதலில் திணித்து அப்புறம் குவாண்டமாக்குவது, அதிகச் சமச்சீர் மாதிரிக்கும் குறைந்த சமச்சீர் மாதிரிக்கும் ஒத்துவராத விடை தருகிறது என்று எடுத்துக்காட்டோடு காட்டிவிட்டார்கள். முழு லூப் ஈர்ப்பிலிருந்து மியூ-பார் முறையை இன்னும் யாரும் ஐயமின்றி வருவிக்கவில்லை. "இயல்பளவில் 5.17" என்பது கையால் வைத்த விதி.

அந்த விதிக்குள்ளேயும் விடை ஒன்றல்ல. பொதுச் சார்பியல் ஹாமில்டோனியனில் இரண்டு உறுப்பு: யூக்ளிடியன், லொரென்ட்சியன். தட்டையான அண்டத்தில் இரண்டும் விகிதசமம் என்பதால் ஒன்றாக்கிவிட்டுக் குவாண்டமாக்குகிறார்கள். ஒன்றாக்காமல், தீமன் சொன்னபடி தனித்தனியே செய்தால்? யாங், டிங், மா 2009-லும், டாபோர், லீகனர் 2018-லும் செய்தார்கள். உச்சரோ 0.41-ஐ 4 × (1 + காமா²)-ஆல் வகுத்ததாகிவிடுகிறது, அதாவது 0.097. அதுகூடப் பரவாயில்லை. துள்ளலுக்கு முன்னால் இருக்கும் அண்டமே வேறு. பழைய சுருங்கும் ஃப்ரீட்மன் அண்டத்துக்குப் பதிலாக, பிளாங்க் அளவு அண்டவியல் மாறிலி கொண்ட, பருப்பொருள் இல்லாத டிசிட்டர் வெளி. ஒரே கோட்பாடு, ஒரே மாதிரி, எழுதும் வரிசையை மாற்றினால் இறந்தகாலமே மாறுகிறது.

இன்னொன்று திசைச்சீர். சுருங்கும் அண்டத்தில் தூசு அளவுக்காரணியின் −3 அடுக்கிலும், கதிர்வீச்சு −4 அடுக்கிலும் ஏறும். திசைக்குத் திசை வேறுபாடு −6 அடுக்கில் ஏறும். கடைசியில் அதுதான் ஆளும். பெலின்ஸ்கி, கலாத்னிகோவ், லிஃப்ஷிட்ஸ் 1970-ல் காட்டிய குழப்ப அலைவு அங்கே காத்திருக்கிறது. எல்லாத் திசையும் ஒன்றே என்று வைத்துத் துள்ளலைக் காட்டுவது, சரியாக எந்த இடத்தில் அனுமானம் செல்லாதோ அங்கே அதை நம்புவது.

---

ஹாலனமிக்காரன் எழுதியது:

சந்தேகியின் இரண்டாவது பத்தியை அப்படியே ஏற்கிறேன். ஆனால் எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பிரித்துப் பாருங்கள். உச்சத்தின் மதிப்பு மாறுகிறது, முந்தைய அண்டம் மாறுகிறது. உச்சம் ஒன்று உண்டு என்பது இரண்டிலும் அப்படியே நிற்கிறது. காரணம் அதேதான்: ஹாலனமி வரம்புள்ள சார்பு.

திசைச்சீரின்மையை யாரும் கண்டுகொள்ளாமல் விடவில்லை. பியாங்கி-1 வகை (மூன்று திசையிலும் வெவ்வேறு வீதத்தில் விரியும்) அண்டத்துக்கு ஆஷ்டேகரும் வில்சன்-யூவிங்கும் 2009-ல் மியூ-பார் முறையை விரித்தார்கள். செயல்விளைவு மட்டத்தில் அங்கே நறுக்கலும் (திசைகளுக்கிடையே விரிவு வீத வேறுபாடு) வரம்புக்குள் நிற்கிறது. ஒரே துள்ளலுக்குப் பதில் மூன்று திசையும் தனித்தனியே திரும்பும். கவுடி வகை ஒருபடித்தல்லாத மாதிரிக்கு மார்ட்டின்-பெனிட்டோ, காராய், மேனா மருகான் 2008-ல் கலப்புக் குவாண்டமாக்கல் செய்தார்கள். முழுமையான பொதுநிலைக்கு இதை நீட்ட வேண்டியது மிச்சம்.

"எல்லா ஒருமையும் போய்விடும்" என்றும் எழுதிவிடாதீர்கள். சிங் 2009-ல் தட்டையான அண்டத்துக்குக் காட்டியது, வலுவான ஒருமைகள் அனைத்தும் போகின்றன என்பதே. அடர்த்தி அடங்கியிருக்க, அழுத்தம் மட்டும் திடீரென்று முடிவிலியாகும் வகை அப்படியே இருக்கும், ஏனென்றால் திருத்தத்தில் அழுத்தம் இல்லை, ரோ மட்டும்தான். அவை வலுவற்றவை, ஜியோடெசிக் அவற்றைத் தாண்டிப் போகும். முதல் பதிலில் வளைகோடு ஜியோடெசிக்கை வைத்து வரையறுத்தது ஏன் முக்கியம் என்பது இங்கே புரியும்.

---

கருக்கல் எழுதியது:

லூப் மட்டும்தான் கடையா? மற்றவற்றையும் ஒரு பார்வை.

இழைக் கோட்பாட்டில் கஸ்பரீனியும் வெனிட்சியானோவும் 1993-ல் கொண்டுவந்த முன்-பெருவெடிப்பு மாதிரியில், அளவுக்காரணியைத் தலைகீழாக்கினாலும் சமன்பாடு மாறாது என்ற இருமை அடிப்படை. இரண்டு கிளையும் அழகாகக் கிடைக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்குச் சுமுகமாகத் தாவும் பாலம்தான் கிடைக்கவில்லை. 2001-இன் எக்பைரோடிக் மாதிரிக்கு ஒரு தனிச் சிறப்பு: சுருங்கும்போது ஆளும் புலத்தின் அழுத்தம் அடர்த்தியைவிட அதிகம், ஆகவே அது −6 அடுக்கைவிட வேகமாக ஏறித் திசைச்சீரின்மையை அமுக்கிவிடும். சந்தேகியின் கடைசிப் புகாருக்கு இதுதான் நேரடி மருந்து. துள்ளலை மட்டும் வேறெங்கிருந்தாவது கடன் வாங்க வேண்டும். எக்பைரோடிக் நிலையாற்றலை லூப் சமன்பாட்டில் போட்டு இரண்டையும் இணைத்த கட்டுரைகள் வந்திருக்கின்றன.

அசிம்ப்டாடிக் பாதுகாப்பு என்ற இன்னொரு குவாண்டம் ஈர்ப்பு அணுகுமுறையில், உயர் ஆற்றலில் ஈர்ப்பு மாறிலியே தேய்ந்துபோகும். பொனான்னோவும் ராய்ட்டரும் 2002-ல் அண்டவியலுக்குப் பயன்படுத்தினார்கள். அதில் லேனர்சும் ஸ்டெல்லும் 2019-ல் சொன்னது வேறு கோணம்: வளைவின் இருபடி உறுப்புகள் இருந்தால், திசைச்சீரற்ற தொடக்கங்களுக்கு ஆக்ஷன் முடிவிலியாகி, எல்லா வரலாறுகளையும் கூட்டும் பாதைத் தொகையீட்டில் அவை தானாகவே விழுந்துவிடும். ஹார்ட்டில்–ஹாக்கிங் 1983 முன்மொழிவில் தொடக்க எல்லையே இல்லை. 2017-ல் ஃபெல்ட்புருக், லேனர்ஸ், துரோக் மூவரும் லொரென்ட்சியன் தொகையீட்டில் அதைச் செய்தால் சிறு அலைவுகள் அடங்காமல் பெருகும் என்று சொல்லிக் கிளப்பிய சண்டை நெடுநாள் நீண்டது. இந்தியாவில் நார்லிகரும் பத்மநாபனும் 1980-களின் தொடக்கத்திலேயே, வடிவொப்பு அலைவுகளை மட்டும் குவாண்டமாக்கினால் ஒருமை அருகே அலைவு வெடித்துப் பழைய பாதைக்கே பொருளில்லாமல் போகிறது என்று காட்டினார்கள். இன்று யாரும் அதை நினைவுகூர்வதில்லை என்பது என் ஆதங்கம்.

---

வளைகோடு எழுதியது:

விரியும் அண்டத்தின் பாதைகள் கடந்தகாலத்தில் அறுந்தே தீரும் என்னும் போர்டே–கூத்–விலென்கின் தேற்றத்தை (2003) யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்கு ஆற்றல் நிபந்தனை தேவையில்லை என்பது உண்மை. ஆனால் பாதை நெடுகச் சராசரி ஹ நேர்மமாக இருக்க வேண்டும். முன்னால் முடிவில்லாத சுருக்கம் இருந்தால் சராசரி நேர்மமாகாது, தேற்றம் பொருந்தாது.

---

சந்தேகி எழுதியது:

அப்படியானால் வானத்தில் தடயம் எங்கே? அதில்லாமல் இது கணித விளையாட்டு.

---

ஹாலனமிக்காரன் எழுதியது:

துள்ளல் கணத்தின் ரிச்சி வளைவு 62 ஒரு நீள அளவைக் கொடுக்கிறது. √(62/6), அதாவது சுமார் 3.2 என்ற அலையெண்ணுக்குக் கீழே உள்ள அலைகள் துள்ளலின்போது கிளறப்படும், மேலே உள்ளவை கண்டுகொள்ளாது. கிளறப்பட்டவை இன்று பின்னணிக் கதிர்வீச்சின் மிகப் பெரிய கோணங்களில் விழ வேண்டும் என்றால் வீக்கம் (தொடக்ககால அதிவேக விரிவு) தேவைக்குக் கொஞ்சம் மேல் மட்டுமே நடந்திருக்க வேண்டும். அதிகம் வீங்கிவிட்டால் தடயம் இன்றைய தொடுவானத்துக்கு வெளியே போய்விடும். பிளாங்க் செயற்கைக்கோள் தரவில் மல்டிபோல் (எண் சிறிதானால் கோணம் பெரிது) 30-க்குக் கீழே திறன் கொஞ்சம் தாழ்ந்திருப்பதை இதனோடு பொருத்துகிறார்கள். அங்கே காஸ்மிக் வேரியன்ஸ் (ஒரே ஒரு வானம்தான் நமக்கு உண்டு என்பதால் வரும் ஐயம்) அதிகம், அதனால் அதைச் சான்று என்று நான் சொல்ல மாட்டேன்.

மறுக்கவே முடியாத கோட்பாடு என்ற குற்றச்சாட்டு மட்டும் செல்லாது. சிற்றலைவுகளைக் கையாள இரண்டு பள்ளி. அகுல்யோ, ஆஷ்டேகர், நெல்சன் 2012-ல் கொண்டுவந்த ஆடையிட்ட மெட்ரிக் ஒன்று. கட்டுப்பாடுகளின் இயற்கணிதம் உடையாமல் திருத்தும் முறை மற்றது. இரண்டாவதில் அலைச் சமன்பாட்டில் (1 − 2ரோ/உச்சரோ) வந்து உட்கார்ந்துகொள்கிறது. உச்சத்தில் பாதிக்கு மேல் அது எதிர்மம், அலைச் சமன்பாடு நீள்வட்ட வகையாகிறது, காலமே வெளிபோல நடந்துகொள்கிறது. சிறு அலைநீளங்களில் திறன் எகிறிவிடுகிறது. போலியே, பாரோ, கிரேன், ஷாண்டர் 2016-ல் இந்த வடிவத்தைத் தரவு விலக்குகிறது என்று வெளியிட்டார்கள். அந்த முறையை வளர்த்தவர்களில் சிலரே அந்தக் கட்டுரையிலும் இருக்கிறார்கள்.

---

சிற்றலை எழுதியது:

எண்முறைக்கு ஒரு கடைசிக் கேள்வி. சோதனை எண்கள் நான்கும் பொருந்திவிட்டன. இனி இருபடி நிலையாற்றலைப் போட்டு வீக்கம் வரை ஓட்ட வேண்டும். துள்ளல் கணத்தில் புலத்தின் மதிப்பை எவ்வளவு வைப்பது? நேரம் எவ்வளவு ஆகும்?

---

எண்முறை எழுதியது:

புலத்தின் நிறை பிளாங்க் அலகில் 1.21 × 10⁻⁶. 60 மடக்கை விரிவுக்கு (ஒரு மடக்கை விரிவு என்றால் அளவுக்காரணி 2.718 மடங்காவது) வீக்கம் தொடங்கும்போது புலம் சுமார் 3.1 இருக்க வேண்டும், 2பை × புலம்² என்ற தோராயத்திலிருந்து. துள்ளலிலிருந்து அதுவரை இயக்க ஆற்றல்தான் ஆள்கிறது, ரோ −6 அடுக்கில் இறங்கும். 0.41-இலிருந்து 7 × 10⁻¹² வரை வர 4.1 மடக்கை விரிவு. அதற்குள் புலம் 2.1 நகர்ந்துவிடும். ஆகவே வேகம் நேர்மமாக இருந்தால் 0.95 அருகில் தொடங்குங்கள். வேகத்தை நேர்மமாகவே வைத்து எதிர்மப் பக்கம் தொடங்கினால் −5.5-க்கும் கீழே போக வேண்டும், ஏனென்றால் அந்த 2.1 எதிர்த்திசையில் தின்றுவிடும். ஆஷ்டேகரும் ஸ்லோனும் 2011-ல் கொடுத்த விலக்கப்பட்ட எல்லை −5.46 முதல் 0.93 வரை. உங்கள் விடை அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வீக்கம் முடிய நேரம் 10⁷ பிளாங்க் காலத்தைத் தாண்டும். நேரத்தையே மாறியாக வைத்து இழுக்காதீர்கள். ரோ 10⁻⁶-க்குக் கீழே வந்ததும் அளவுக்காரணியின் மடக்கையைக் கடிகாரமாக மாற்றுங்கள், ஹ இனி பூச்சியமாகாது என்பதால் தைரியமாக வகுக்கலாம். சில ஆயிரம் படியில் முடிந்துவிடும். துள்ளலைச் சுற்றி மட்டும் இந்த மாற்றத்தைச் செய்யக்கூடாது. தரவோடு ஒப்பிடும் எண்ணம் இருந்தால் இருபடி நிலையாற்றலை விட்டுவிட்டு ஸ்டாரோபின்ஸ்கி நிலையாற்றலுக்குப் போங்கள், இருபடியை பிளாங்க் தரவு ஏற்கனவே ஓரங்கட்டிவிட்டது. நிரலில் மாற வேண்டியது நிலையாற்றலும் அதன் வகைக்கெழுவும் எழுதிய இரண்டு வரிதான். தொடக்கப் புல மதிப்பை மட்டும் மறுபடி தேட வேண்டியிருக்கும்.